சாமி கண்ணைக் குத்துமா?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இந்த வாரம் ஒரு கதை சொல்லப் போறேன். குழந்தைக்குக் கதை சொல்லப் போய் நான் கத்துக்கிட்ட கதை. கொஞ்சம் நீளம்தான். ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டு நிதானமா படிங்க. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவங்க தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

போன வருஷம் ஆடி மாசம், எங்க வீட்டுப் பூஜை அறையில் இருந்த வேல் காணாமல் போச்சு.

ஒரு சாண் உயரப் பித்தளை வேல். அம்மா கல்யாணமாகி வந்தப்போ பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்தது. எனக்கு 28 வயசு. அந்த வேலுக்கு என்னை விட வயசு அதிகம். காலையில் விளக்கேத்தப் போனால், முருகன் படத்துக்கு முன்னால் வேல் நிற்கிற இடத்தில் வட்டமா ஒரு விபூதித் தடம் மட்டும் இருக்கு.

வீடு முழுக்க வேலைத் தேடினேன். (ஐ.டி.காரன் வேலை தேடுறான்னு நினைச்சுடாதீங்க. பித்தளை வேலைத் தேடினேன்.) கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன். கிடைக்கல.

மத்தியானம் சோறு வைக்கிறதுக்காக அரிசி டிரம்முக்குள் உழக்கை விட்டேன். 'ணங்'குன்னு ஒரு சத்தம். அரிசிக்குள் தலைகீழா நின்னுக்கிட்டு இருந்தது வேல்.

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் என் அக்கா பொண்ணு நின்னாள். நாலரை வயசு. வீட்டில் எல்லாரும் பாப்பான்னு கூப்பிடுவோம்.

"பாப்பா, இதை யாரு இங்க வெச்சது?"

"நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

"ஏன்ம்மா?"

"வேல் இல்லன்னா சாமியால கண்ணைக் குத்த முடியாதுல்ல, மாமா."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவள் சிரிக்கல. குரலைத் தாழ்த்தி இன்னொரு வரி சொன்னாள்.

"தம்பி கண்ணைக் குத்திட்டார்ல."

மூன்று சரியான வரிகள், ஒரு தப்பான விடை

என்ன நடந்ததுன்னு சொல்றேன். அக்கா இரண்டாவது பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு, எங்க வீட்டுக்கு வந்திருந்தாள். ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தாங்க. பையன். இரண்டாம் நாள் உடம்பு மஞ்சளாகிட்டதால், நீல விளக்குக்கு அடியில் வெச்சிருந்தாங்க. பிறந்த குழந்தைகளுக்கு அடிக்கடி வர்ற மஞ்சள் காமாலைதான், சரியாகிடும்னு டாக்டர் சொன்னார். ஆனாலும் அம்மாவும் அத்தானும் ஆஸ்பத்திரியை விட்டு நகரல. அப்பா சாப்பாடு கொண்டு போறதும் வர்றதுமா இருந்தார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால் பாப்பா என் பொறுப்பு.

அந்த நீல வெளிச்சம் கண்ணில் படக்கூடாதுன்னு குழந்தையின் கண்ணை வெள்ளைத் துணியால் மூடி வெப்பாங்க. அத்தான் அப்படி ஒரு போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். "இங்க பாரு, உன் தம்பி"ன்னு அதைப் பாப்பாவிடம் காட்டினது நான்தான்.

அதுக்கு முன்னால் ஒரு மாசமா பாப்பா எல்லாரிடமும் ஒரே பாட்டு: "தம்பி வேண்டாம். நாய்க்குட்டிதான் வேணும்." நாங்க எல்லாரும் சிரிச்சோம்.

அப்புறம் என் பங்கு. ஆபீஸில் ரிலீஸ் நேரம். ஒரு பக்கம் லேப்டாப், காதில் மீட்டிங், இன்னொரு பக்கம் சோத்துத் தட்டு. அவள் வாயைத் திறக்க மாட்டேன்னா. நான் மைக்கை அணைச்சுட்டுச் சொன்னேன்: "ஒழுங்கா சாப்பிடு. இல்லன்னா சாமி கண்ணைக் குத்திடும்." ஒரு தடவை இல்லை, இரண்டு நாளில் நாலைந்து தடவை.

அவள் சின்ன மூளை இந்த மூணையும் வரிசையா அடுக்கியிருக்கு. நான் தம்பி வேண்டாம்னு சொன்னேன். தப்பு செஞ்சா சாமி கண்ணைக் குத்தும். தம்பி கண்ணில் கட்டுப் போட்டிருக்கு. என் வேலையே லாஜிக் எழுதுறதுதான். அவள் லாஜிக்கில் ஒரு ஓட்டை கூட எனக்குத் தெரியல. உள்ளே போட்டது தப்பு. அதைப் போட்டவன் நான்.

இரண்டு நாளா அந்தப் பிள்ளை தன்னால்தான் தம்பிக்குக் கண் போச்சுன்னு நினைச்சுக்கிட்டுத் தனியா இருந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லல. அழவும் இல்லை. தன்னால் முடிஞ்ச ஒரே வேலையைச் செஞ்சிருக்கு. சாமி கையில் இருக்கிற ஆயுதத்தை எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கு.

உடனே விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன். மஞ்சள் காமாலை, நீல வெளிச்சம், துணி எதுக்கு, எல்லாம். அவள் "உம்" கொட்டினாள். வேலைத் துடைச்சு பழைய இடத்தில் வெச்சேன். மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் அரிசி டிரம்முக்குள்.

சொந்தங்களே, ஒரு நிமிஷம் நில்லுங்க. நம்ம முருகன் படத்தைப் பாருங்க. ஒரு கையில் வேல் இருக்கு, சரி. இன்னொரு கை என்ன பண்ணுது? உள்ளங்கையை நம்மைப் பார்த்துக் காட்டுது. அபய ஹஸ்தம். பயப்படாதேன்னு சொல்ற கை. பயத்தைப் போக்க வந்த ஒருத்தனை வெச்சே ஒரு குழந்தையை நான் பயமுறுத்தியிருக்கேன். அஞ்சு வாய் சோறு உள்ளே போகணும்னு.

ஏன் அப்படிச் செய்யறோம்? பயம் சீக்கிரம் வேலை செய்யுது. அவசரத்துக்குப் போடுற ஒட்டு மாதிரி. அந்த நேரத்துக்கு வண்டி ஓடிடும். அது உள்ளே என்ன உடைச்சதுன்னு அப்புறம் வேறொரு நாள், வேறொரு இடத்தில்தான் தெரியும்.

சாமி ஜோக் சொல்லுமா?

அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அம்மாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "ஏல, அவகிட்ட விளக்கம் சொல்லிட்டு இருக்காத. அவளைச் சிரிக்க வை. உனக்கு என்ன சொல்லிச் சோறு ஊட்டினேன்? நாவப்பழப் பாட்டி கதையைச் சொல்லு."

லைட்டை அணைச்சேன். போனை வேற ரூமில் வெச்சேன். பாயில் படுத்துக்கிட்டு ஆரம்பிச்சேன்.

உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ஔவைப் பாட்டி வெயிலில் நடந்து நடந்து களைச்சு வர்றா. நாவல் மரத்து மேலே ஒரு மாட்டுக்காரப் பையன். பாட்டி பழம் கேட்கிறா. பையன் கேட்கிறான், சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா? எதை ஔவை கேட்டாள்னு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்க. எங்க வீட்டில் சுட்ட பழம். பையன் கிளையை உலுக்குறான். பழம் மண்ணில் விழுது. பாட்டி எடுத்து, ஒட்டின மண்ணை ஊதுறா. மேலே இருந்து குரல் வருது: "என்ன பாட்டி, பழம் ரொம்பச் சுடுதா?"

நான் எழுந்து உட்கார்ந்து பாட்டியா மாறினேன். கூன் போட்டேன். இடுப்பைப் பிடிச்சேன். தலையணையைத் தூக்கி மேலே போட்டு, "ஐயோ பழம்!"னு குனிஞ்சு எடுத்து 'ஃபூ... ஃபூ...'ன்னு ஊதினேன். கன்னம் உப்ப, கண் பிதுங்க.

பாப்பா உதடு லேசா கோணிச்சு. இன்னொரு தடவை ஊதினேன். "சுடவே இல்லையே மாமா! அந்தப் பாட்டி ஏன் ஊதுது?" அவ்வளவுதான், சிரிப்பு வெடிச்சிருச்சு. மூணு நாளா அந்தச் சிரிப்பை அந்த வீட்டில் நான் கேட்கவே இல்லைன்னு அப்போதான் உறைச்சது.

ஒன்று கவனிச்சீங்களா? அதில் இருக்கிற சிலேடை அவளுக்குச் சுத்தமா புரியல. சூடே இல்லாத பழத்தை ஒரு பெரிய மனுஷி ஊதுறது புரிஞ்சது. அந்த வயசுக்கு அது போதும். சிலேடை அங்கேயே இருக்கும். பத்து வயசில் வந்து எடுத்துக்குவாள். ஔவை ஏன் தலை குனிஞ்சாள்னு முப்பது வயசில் புரியும். நல்ல கதைக்கு அவசரமே கிடையாது.

"மறுபடி"ன்னா. சொன்னேன். "மறுபடி." ஆறு தடவை சொன்னேன். ஏழாவது தடவைக்கு முன்னால் கேட்டாள்.

"மாமா, மரத்து மேல இருந்த பையன் யாரு?"

"முருகன்."

கொஞ்சம் யோசிச்சாள்.

"சாமியா? சாமி ஜோக் சொல்லுமா?"

"சொல்லும்."

"குத்தாதா?"

"குத்தாது."

பதில் ஒன்றும் சொல்லல. தூங்கிட்டாள்.

மறுநாள் தெருவில் தள்ளுவண்டியில் நாவப்பழம் வந்தது. ஆடி மாசமாச்சே. உப்புப் போட்டு ஒரு பொட்டலம் வாங்கினேன். ஒவ்வொரு பழத்தையும் ஊதி ஊதிச் சாப்பிட்டாள். நாக்கு ஊதாக் கலர். அப்புறம் தயிர்சோத்தையும் ஊதினாள். தயிர்சோறு சுடுமான்னு நான் கேட்கல.

சாமியோட விளையாடின ஊர் இது

நம்மில் சிலர் நினைக்கலாம். தெய்வத்தை வெச்சு குழந்தைகிட்ட ஜோக் அடிக்கலாமா? மரியாதைக் குறைவு இல்லையா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் பெரியவங்க என்ன செஞ்சிருக்காங்கன்னு பார்த்தேன்.

தமிழில் பிள்ளைத்தமிழ்னு ஒரு இலக்கிய வகையே இருக்கு. தெய்வத்தைக் கைக்குழந்தையா வெச்சு, பத்துப் பருவமா பாடுறது. தலையை நிமிர்த்தி ஆடுறது, கை கொட்டுறது, முத்தம் கேட்கிறது, தளர்நடை போட்டு வர்றது, எல்லாம் வரும். அதில் அம்புலிப் பருவம்னு ஒன்று. நிலாவை இந்தக் குழந்தையோட விளையாடக் கூப்பிடணும். எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா? முதலில் கொஞ்சல், அப்புறம் ஆசை காட்டுறது, கடைசியில் மிரட்டல். வரலைன்னா உன் கதி என்ன ஆகும் தெரியுமான்னு நிலாவையே மிரட்டுவாங்க. பாருங்க, அங்கேயும் மிரட்டல் இருக்கு. ஆனால் மிரட்டப்படுறது நிலா. மடியில் இருக்கிற குழந்தை அதைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

இன்னொன்று சிற்றில் பருவம். தெருவில் சின்னப் பொண்ணுங்க மணலில் வீடு கட்டி விளையாடுவாங்க. இந்தப் பையன் வந்து காலால் கலைச்சுடுவான். எங்க வீட்டைச் சிதைக்காதேன்னு அவங்க கெஞ்சுவாங்க. பகழிக்கூத்தர் பாடின திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில் அந்தக் குறும்புக்காரன் நம்ம செந்தூர் முருகன்.

குமரகுருபரரை எடுத்துக்கோங்க. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போற வழியில் இருக்கிற ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். அஞ்சு வயசு வரைக்கும் பேச்சு வரல. பெற்றவங்க செந்தூர் சந்நிதியில் கொண்டு போய்க் கிடத்தினாங்க. முருகன் அருளால் வாய் திறந்தது, கந்தர் கலிவெண்பா பிறந்ததுன்னு சொல்லுவாங்க. அப்படி வாய் திறந்தவர் பின்னாடி என்ன பாடினார்? மதுரை மீனாட்சிக்கு ஒரு பிள்ளைத்தமிழ். வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசாமிக்கு ஒரு பிள்ளைத்தமிழ். பேச்சு கொடுத்த தெய்வத்தை மடியில் தூக்கி வெச்சுக் கொஞ்சினார்.

இவங்களுக்கெல்லாம் பக்தி குறைவா? கிட்டே போனவங்களாலதான் அப்படிச் சிரிச்சு விளையாட முடியும். தூரத்தில் நின்னு நடுங்குறவங்களால் முடியாது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

ஒரு கதை ஜெயிச்சதும் எனக்கு தலைக்கனம் வந்துடுச்சு. இரண்டாவது ராத்திரி மாம்பழக் கதை. நாரதர் கொண்டு வந்த பழம், உலகத்தைச் சுத்தணும், முருகன் மயிலேறிப் பறக்கிறான், பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிக்கிறார். சிரிப்பு வரணுமேன்னு நான் வயித்தில் தலையணையைக் கட்டிக்கிட்டு, பிள்ளையார் தொந்தியோட தள்ளாடித் தள்ளாடி நடக்கிற மாதிரி நடிச்சேன். பாப்பா விழுந்து விழுந்து சிரிச்சாள். நானும் சிரிச்சேன்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் விளையாட வந்தான். ஆறு வயசு, கொஞ்சம் பூசினாப்பல இருப்பான். பாப்பா அவன் பின்னாடியே போய், வயித்தைத் தள்ளிக்கிட்டு, நான் நடந்த மாதிரியே நடந்து காட்டினாள். "தொந்திப் பிள்ளையார், தொந்திப் பிள்ளையார்!" அவன் ஒன்றும் சொல்லல. பந்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான்.

அந்த நடையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? மறுபடியும் நான்தான். பயமுறுத்தினதும் நான், கேலி கத்துக் கொடுத்ததும் நான்.

அன்னிக்கு உட்கார்ந்து யோசிச்சேன். முருகன் கதைகளில் இவ்வளவு சிரிப்பு இருக்கே, அந்தச் சிரிப்பு யார் மேல் விழுது?

நாவல் மரத்தடியில் சறுக்கினது ஔவையின் முதுமை இல்லை. எல்லாம் படிச்சாச்சுங்கிற நினைப்பு. பிரம்மா கதையில் மாட்டினது, வாசலில் நின்ன குழந்தையை மதிக்காமல் போன அகந்தை. படைப்புத் தொழில் செய்றவருக்கே பிரணவத்துக்குப் பொருள் தெரியல, தலையில் குட்டு, அப்புறம் சிறை. சூரபத்மனைக் கூட முருகன் தூக்கி எறியல. பாதி மயிலாச்சு, பாதி சேவலாச்சு. எதிர்த்து நின்னவனைத் தன் வாகனத்திலும் கொடியிலும் வெச்சுக்கிட்டான்.

முருகன் விளையாடினால் சறுக்குறது பெரியவனோட 'நான்'தான். சறுக்கினவங்க விளையாட்டு முடிஞ்சதும் அவன்கிட்ட இன்னும் நெருக்கமா ஆயிடுறாங்க. ஔவை சிரிச்சுக்கிட்டேதான் அந்த மரத்தடியை விட்டுப் போனாள். எங்க பக்கத்து வீட்டுப் பையன் பந்தை எடுத்துக்கிட்டுப் போனானே, அவன் சிரிக்கல. சொல்றது எந்த மாதிரி ஜோக்குன்னு இதை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். யாரைப் பார்த்துச் சிரிச்சோமோ அவங்களும் கடைசியில் நம்மோட சிரிக்கணும். உடம்பு, நிறம், திக்குற பேச்சு, இதையெல்லாம் கதையில் கேலியாக்கினால் அந்தச் சிரிப்புக்கு முருகன் வர மாட்டான்.

அடுத்த நாள் பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய், அந்தப் பையனுக்கு முன்னாடி நானே மன்னிப்புக் கேட்டேன். "அந்த நடையைச் சொல்லிக் கொடுத்தது நான்தான், தம்பி. தப்பு என்னோடது." அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். "அப்ப நீங்க கோல்கீப்பரா நில்லுங்க"ன்னான். நின்னேன். பதினொரு கோல் வாங்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரிச்சாங்க.

என் வீட்டுச் சுவாமிமலை

மூணாவது ராத்திரி சூரசம்ஹாரம் சொன்னேன். சண்டையைச் சுருக்கி, மாமரமா நிற்கிற சூரனைப் பெருசாக்கி. சூரன் மயிலாகவும் சேவலாகவும் ஆன இடத்தில் பாப்பா என்னை நிறுத்தினாள்.

"மாமா, மயில் சூரன்தானே?"

"ஆமா."

"அப்ப மாம்பழத்துக்குப் பறந்தப்போ மயில் எங்க இருந்து வந்துச்சு? அப்ப முருகன் குட்டி. சூரன் வரவே இல்லையே."

அப்பா! எத்தனை வருஷமா இந்த இரண்டு கதையையும் கேட்கிறேன். எனக்கு இது தோணினதே இல்லை. உடனே ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமான்னு வாய் வரைக்கும் வந்தது. அப்போ சுவாமிமலை ஞாபகம் வந்தது.

கும்பகோணம் பக்கத்தில், அறுபது தமிழ் வருஷத்துக்கு அறுபது படி உள்ள அந்த மலையில் நடந்தது என்ன? பிரணவத்துக்குப் பொருள் உனக்குத் தெரியுமான்னு சிவபெருமான் மகன்கிட்ட கேட்கிறார். தெரியும், ஆனால் கேட்கிற விதமா கேட்டால் சொல்றேன்னு மகன் சொல்றான். அப்பா, கீழே இறங்கி, வாய் பொத்தி, காதைக் கொடுக்கிறார். எல்லாம் அறிஞ்சவர், தெரியாதவர் மாதிரி உட்கார்ந்தார். உலகத்துக்கே தகப்பன் ஒரு குழந்தைக்கு முன்னால் சின்னப் பிள்ளையா மாறின விளையாட்டு அது. அதனால்தான் அந்தக் குழந்தைக்குத் தகப்பன்சாமின்னு பேர்.

நான் பாயில் சம்மணம் போட்டு, வாயைப் பொத்திக்கிட்டேன். "எனக்குத் தெரியலையே பாப்பா. நீயே சொல்லு."

அவள் முகத்தைப் பார்க்கணுமே! எழுந்து நின்னாள். இடுப்பில் கை வெச்சாள். "அது குட்டி மயில், மாமா. பெரிய மயில் அப்புறம் வந்துச்சு."

"சரிங்க சாமி"ன்னேன். கெக்கெக்கேன்னு சிரிச்சாள். அந்தச் சிரிப்பு அடங்கினதும் நான் சொன்னேன், "பாப்பா, மாமா உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். சாமி யார் கண்ணையும் குத்தாது. நீ சாப்பிடணும்னு சும்மா சொன்னேன். தப்பு."

"அப்ப தோப்புக்கரணம் போடு."

போட்டேன். அவள் எண்ணினாள். ஏழுக்கு அப்புறம் ஒன்பதுக்குப் போய், மறுபடி எட்டுக்கு வந்தாள். எனக்கு மூச்சு வாங்கிச்சு. அவளுக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் கிட்டே வந்து, என் காதைப் பிடிச்சு, வாயை ஒட்ட வெச்சுச் சொன்னாள்.

"நான் தம்பி வேண்டாம்னு சொன்னேன், மாமா. முருகன் கேட்டிருப்பார்ல."

மூணு நாள் முன்னாடி நான் எவ்வளவு விளக்கம் சொன்னேன். அப்போ வெளியே வராத வார்த்தை இது. சிரிச்சு, என்னை உட்கார்ந்து எழ வெச்சு, நான் அவளை விடச் சின்னவனா ஆனதுக்கு அப்புறம்தான் வந்தது.

"கேட்டிருப்பார்"னு சொன்னேன். "ஆனா கோவிச்சுக்க மாட்டார். அவரே அண்ணன் கூட ஒரு மாம்பழத்துக்குச் சண்டை போட்டு, கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டே பழனிக்குப் போனவர்தானே?"

கண்ணை அகலமாத் திறந்தாள். "ஆமால்ல!"

"அதுக்காக அவங்க அம்மா அப்பா அவரை அடிச்சாங்களா?"

"இல்ல."

"என்ன பண்ணினாங்க?"

"பின்னாடியே போனாங்க." சொல்லிட்டு நிறுத்தினாள். "நானும் பழனிக்குப் போனா நீங்க வருவீங்களா?"

"லேப்டாப்பையும் தூக்கிட்டு வருவேன்."

சொந்தங்களே, பழனிக் கதையை நான் எவ்வளவோ தடவை கேட்டிருக்கேன். அண்ணன் தம்பிப் பொறாமை சாமி வீட்டிலும் உண்டு, அந்தக் குழந்தையையும் தேடி வந்து சமாதானம் பண்ணினாங்க, அதனால் நீ கெட்ட பிள்ளை இல்லைன்னு ஒரு நாலரை வயசுக் குழந்தைக்குச் சொல்றதுக்காகவே அந்தக் கதை இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

இன்னிக்கு ராத்திரி

இதைப் படிக்கிற உங்களில் பலபேர் என் வயசுதான். மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி, புது அம்மா அப்பா. உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். இன்னிக்கு ராத்திரி வீட்டுக் குழந்தைக்கு முருகன் கதை ஒன்று சொல்லுங்க. சிரிக்கிற கதையா சொல்லுங்க. எனக்குப் பலிச்ச சில விஷயங்களைச் சொல்றேன்.

போனை வேற ரூமில் வைங்க. நாம் அரை மனசோட உட்கார்ந்திருக்கிறதைக் குழந்தை உடனே கண்டுபிடிச்சிடும்.

அதே கதையைத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் சொல்லுங்க. அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சு காத்திருந்து சிரிக்கிறதுதான் அவங்களுக்குச் சந்தோஷம். நல்லாப் பழகினதும் ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாச் சொல்லுங்க. "அப்போ முருகன் எருமை மேல ஏறிப் பறந்தார்." அவங்க உங்களைத் திருத்தட்டும். குழந்தை குருவாகிற இடம் அது.

கதையில் சறுக்கி விழுற வேஷத்தை நீங்க எடுத்துக்கோங்க. ஔவையா இருங்க, பிரம்மாவா இருங்க. முருகன் வேஷம் எப்பவும் குழந்தைக்கு.

முடிஞ்சதும் "இதிலிருந்து என்ன தெரியுது?"ன்னு கேட்காதீங்க. தெரிய வேண்டியது தெரியிற நேரத்தில் தெரியும்.

எனக்கு எல்லாம் சரியாகிடுச்சுன்னு நான் சொல்லல. பாப்பா இப்பவும் சில ராத்திரி, தூக்கக் கலக்கத்தில், "குத்தாதுல்ல மாமா?"ன்னு வீடியோ காலில் கேட்பாள். ஒரு நிமிஷத்தில் போட்ட பயம், எடுக்க எவ்வளவு நாள் ஆகுது பாருங்க. ஒவ்வொரு தடவையும் குத்தாதுன்னு சொல்றேன். சொல்லிட்டு ஒரு 'ஃபூ' ஊதுறேன்.

தம்பி எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். கண்ணைத் திறந்து திருதிருன்னு முழிச்சான். பாப்பா அவன் முகத்துக்கு நேரே குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தாள். இரண்டு கண்ணையும் எண்ணினாள். அப்புறம் பூஜை அறைக்கு ஓடினாள். நான் பின்னாடியே போனேன். ஸ்டூல் போட்டு ஏறி, படத்தில் முருகன் காட்டுற உள்ளங்கையில் 'பட்'டுன்னு ஒரு தட்டு.

"என்ன பாப்பா பண்ற?"

"ஹை-ஃபைவ், மாமா. அவர் எப்பவும் கேட்டுக்கிட்டேதானே நிக்கிறார்."

அபய ஹஸ்தத்துக்கு இதை விட நல்ல உரை நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் அவளைத் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். சந்நிதியில் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கிட்டாள். எனக்கு மனசு பதறிச்சு. குனிஞ்சு பார்த்தேன். விரல் இடுக்கு வழியா எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தாள். பன்னீர் இலை விபூதியை வாங்கிக்கிட்டுக் கடற்கரைக்கு வந்தோம். மணலில் வீடு கட்டினாள். வாசல், ஜன்னல், நாய்க்குட்டிக்கு ஒரு ரூம், தம்பிக்கு ஒரு ரூம். ஒரு அலை வந்து எல்லாத்தையும் கரைச்சுட்டுப் போச்சு.

அழப் போறாள்னு நினைச்சேன். கோபுரத்தைத் திரும்பிப் பார்த்து, இடுப்பில் கை வெச்சு, "முருகா, சும்மா இரு!"ன்னு ஒரு அதட்டல் போட்டாள். சிரிச்சுக்கிட்டே மறுபடி கட்ட ஆரம்பிச்சாள்.

சிற்றில் பருவத்தை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவளுக்கு அதை யாரும் சொல்லல.

வீட்டுக்கு வந்ததும் அரிசி டிரம்மைத் திறந்து, வேலை அவளே எடுத்து, பழைய இடத்தில் நிறுத்தினாள். மறுநாள் விளக்கேத்தப் போன அம்மா, "வேலுல எப்படில அரிசி ஒட்டிக்கிட்டு இருக்கு?"ன்னு கேட்டாங்க. பாப்பா என்னைப் பார்த்தாள், நான் பாப்பாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டோம்.

முருகா, எங்க வீட்டுப் பிள்ளைகள் உன்னைப் பயந்து பார்க்காமல், சிரிச்சுக்கிட்டே ஓடி வரணும். அதுக்கு நாங்க குறுக்கே நிற்காமல் இருக்கணும். நீதான் துணை.

உங்க வீட்டுக் குட்டி எந்த முருகன் கதைக்குச் சிரிச்சதுன்னு எழுதுங்க. அக்கா, அண்ணன் ஆகப் போற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்பி வைங்க.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம். 🙏🦚